பூச்சி என்றுதான் சொன்னார்கள்

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நான் ஆற்காட்டில், ஒரு மிட்டாய்க் கடை வாசலில் நின்று மக்கன் பேடா தின்றுகொண்டிருந்தேன். அப்போது வந்த அழைப்பின் நேரம் என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. அழித்துவிடலாம் என்று பலமுறை எடுத்துப் பார்த்தேன், அழிக்கவில்லை. அழைத்தவள் அமுதா. என் மகள் ரெஜினா பேரணாம்பட்டில் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. அவளுடைய ஆராய்ச்சிக்கும் உதவியாள்.

"அம்மா, ரெஜிய பூச்சி கட்ச்சிடுச்சி. பயப்படாதீங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்."

"எந்தப் பூச்சி?"

"பாக்கலம்மா."

"சரி, தண்ணி குடிக்கச் சொல்லு. நான் மெதுவா வாரேன்."

"மெதுவாவா?" என்றாள் அமுதா. அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

நான் மீதிப் பேடாவையும் தின்று முடித்தேன். நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே முந்திரியும் பாகும். எங்கள் தூத்துக்குடி மக்ரூனைப் போல வாயில் வைத்ததும் கரைந்து ஓடாமல், கொஞ்ச நேரம் நின்று பேசுகிற இனிப்பு. அலுவலகத்துக்கு என்று ஒரு பொட்டலம் கட்டச் சொன்னேன். அப்புறம் பாலாற்றங்கரையில் இருக்கும் பழைய கோட்டை வாசலையும் போய்ப் பார்த்தேன். சிலந்திகளோடு நாள் முழுக்கக் கிடக்கிற பெண்ணை ஒரு பூச்சி கடிப்பதில் என்ன அதிசயம் என்று நினைத்தேன். சாதாரணமாக எதற்கும் பதறுகிறவள் நான். பதற வேண்டிய ஒரே நாளில் கோட்டை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, ஆம்பூரில் வந்து இறங்கியிருந்தேன். கருவாட்டு வாடையிலும் உப்பளச் சேற்றிலும் வளர்ந்தவளுக்கு நாற்றம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் தோல் பதனிடும் ஊரின் வாடை வேறு மாதிரி, மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சாலையோரம் ஒரு லாரியில் பச்சைத் தோல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தோலுக்கும் நடுவே கல்லுப்பு. இருபத்திரண்டு வருடமாக ஓர் உப்புக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்னையறியாமல் குனிந்து ஒரு கல்லை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, ருசி பாக்கறீங்களா?" என்றார் லாரியின் மேல் நின்றவர். "உங்க ஊர் சரக்குதான். இது கம்மியாப் போச்சுன்னா வண்டு வெச்சிடும். அப்புறம் தோலு சல்லடைதான்."

அழைத்துப்போக வந்திருந்த ரெஜினா உடனே அவரிடம் எந்த மாதிரி வண்டு, எந்த மாதத்தில் ஜாஸ்தி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். நான் பெட்டியோடு வெயிலில் நின்றேன்.

மதியம் பிரியாணி. சின்ன அரிசி, கூடவே புளிப்பான கத்தரிக்காய்த் தொக்கு. பிரியாணிக்குக் கத்தரிக்காயா என்று முகம் சுளித்தவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். ரெஜினா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, பையில் இருந்த விண்ணப்பத்தை எப்போது எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. முள்ளுக்காட்டில் திரிந்தது போதும் என்று சொல்லி அவளைக் கூட்டிப்போகத்தான் நான் வந்திருந்தேன்.

"என்னம்மா பாக்க?"

"ஒண்ணுமில்ல. மெலிஞ்சிட்ட."

புதன்கிழமை காலை அவளுடைய காட்டைப் பார்க்கப் போனேன். அமுதாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அமுதாவுக்கு முப்பத்திரண்டு வயது. எட்டு வருடம் ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருந்தவள். அந்தக் கைக்காகவே ரெஜினா அவளைச் சேர்த்துக்கொண்டாள். சுண்டு விரல் நகத்தளவு சிலந்தியின் முதுகில் சாயப்பொட்டு வைக்க வேண்டும். பொட்டு கண்ணில் பட்டுவிட்டால் சிலந்தி வீண். ரெஜினா மூன்றுக்கு ஒன்றைக் கெடுப்பாளாம். அமுதா கெடுத்ததே இல்லை.

பேரணாம்பட்டைத் தாண்டி, ஆந்திர எல்லைப் பக்கம் மலையடிவாரம். எங்கும் வேலிக்காத்தான். எங்கள் ஊரில் உடைமரம் என்போம். முள் ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஒரு கிளையில் பழைய வேட்டித் துணி சிக்கிக் கிழிந்து கிடப்பதுபோல ஏதோ தொங்கியது. கிட்டப் போனால் அது கூடு. பட்டு இழையும் காய்ந்த இலையும் தின்று துப்பிய வண்டு ஓடுகளும் சேர்த்துப் பின்னியது. அதற்குள் நூற்றுக்கு மேல் சிலந்திகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

"சிலந்திப் பூச்சி ஒண்ண ஒண்ணு கடிச்சுத் தின்னுரும்லா?" என்றேன்.

"எம்மா, சிலந்தி பூச்சி கிடையாது. பூச்சின்னா ஆறு கால். இதுக்கு எட்டு." பத்து வயதிலிருந்து இதைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். "மத்த சிலந்தி தின்னும். இது தின்னாது. சேந்து வேட்டையாடும், சேந்து வளக்கும்."

ஒரு கம்பியின் நுனியில் பழைய கைப்பேசியின் அதிர்வு மோட்டாரைக் கட்டி வைத்திருந்தாள். அதை வலையில் தொட்டதும், வெட்டுக்கிளி விழுந்துவிட்டது என்று நினைத்து நான்கு சிலந்திகள் ஓடி வந்தன. மற்றவை துளை வாசலில் காலை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. எப்போதும் அதே நான்கும்தான் முதலில் ஓடி வருமாம். பொட்டு வைப்பது அதைக் கண்டுபிடிக்கத்தான்.

"செகப்புப் பொட்டு சூப்பர்வைசரு," என்றாள் அமுதா. "மஞ்சப் பொட்டு டார்கெட் முடிக்காம வூட்டுக்குப் போவாது. அந்த நீலம் இருக்குது பாருங்க, டெய்லி லேட்டு. எங்க கம்பெனியா இருந்தா கேட்ட மூடிட்டிருப்பாங்க."

காது சுத்தம் செய்யும் ரப்பர் குமிழால் ரெஜினா ஒரு சிலந்தியின் மேல் காற்றை ஊதினாள். அது எட்டுக் காலையும் மடக்கிச் செத்ததுபோல் கிடந்தது. அமுதா நொடிகளை எண்ணினாள். சில பத்து நொடியில் எழுந்து நடக்குமாம். சில ஐந்து நிமிடம் ஆனாலும் எழாதாம். சீக்கிரம் எழுவது எதுவோ அதுவே வேட்டைக்கும் முதலில் ஓடும். அப்படியானால் எழாமல் கிடக்கிற பயந்தாங்கொள்ளிகளைக் கூடு ஏன் வைத்துச் சோறு போடுகிறது, அவற்றால் கூட்டுக்கு என்ன லாபம்? என் மகளின் ஆராய்ச்சியே இந்தக் கேள்விதான்.

"நீ அந்த வகைதான்மா," என்றாள் சிரித்துக்கொண்டே. "ஊதுனா அஞ்சு நிமிஷம் எந்திரிக்க மாட்ட."

கட்டி வந்திருந்த இட்லியைச் சாப்பிடும்போது, குஞ்சு பொரித்த பிறகு என்ன நடக்கும் என்று சொன்னாள். தாய் தான் தின்றதைக் கக்கிக் கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும். கக்க ஒன்றும் இல்லாமல் போகும் நாளில் குஞ்சுகள் தாயின் மேல் ஏறும். தாய் விலகாது. குஞ்சுகள் அதை உறிஞ்சித் தின்றுவிட்டு வளரும்.

நான் இட்லியைக் கீழே வைத்தேன்.

"எங்க வூட்லயும் அதான்மா நடக்குது," என்றாள் அமுதா. "ஒரேடியா துன்னாம, ரெண்டும் கொஞ்சங் கொஞ்சமா துன்னுதுங்க."

அதற்கு அப்புறம்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன். காலுக்கருகே ஓர் ஓணான் ஓடியது. அலறிக்கொண்டு கையில் அகப்பட்ட கிளையைப் பிடித்தேன். அது கூடு இருந்த கிளை. முழு வலையும் குலுங்கி, வெளியே நின்ற சிலந்திகள் எல்லாம் உள்ளே ஓடிவிட்டன. அன்றைய கணக்கு பாழ். ரெஜினா கத்தவில்லை. நோட்டை மூடினாள். "நீ இருந்தா கூடு ஆடுதும்மா. நாளைக்கு ஆற்காடு போய்ட்டு வா. பேடா வாங்கணும்னு சொன்னல்லா," என்றாள்.

மனம் கேட்கவில்லை. சாயங்காலம் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. வாசலில் அவளுடைய பூட்ஸ் கிடந்தது. கணுக்காலுக்கு மேல் வரும் தடித்த தோல் பூட்ஸ், ஆம்பூரில் அமுதா தேடி வாங்கிக் கொடுத்தது. ஒரு மாதச் சேறு, வியர்வை நாற்றம். வாளி நிறையச் சோப்புத் தண்ணீரில் இரண்டையும் முக்கி, நன்றாக ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, மாடிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

வியாழன் காலை அமுதா அதைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "தோல் ஷூவ யாராச்சும் சோப்பு போட்டு ஊற வெப்பாங்களாம்மா? எங்க ஊர்ல வந்து இந்த வேலய பண்ணிக்கீறீங்களே! காய மூணு நாளு ஆவும். காஞ்சாலும் வெறகு கட்ட."

"உடுக்கா, ஒரு நாளுதான," என்று ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் ஆற்காட்டுக்குப் பேருந்து ஏறினேன்.

கோட்டை வாசலைப் பார்த்துவிட்டு வேலூர் வந்தேன். பேருந்து நிலையத்தில் பேரணாம்பட்டு என்று பலகை போட்ட பேருந்தில் சன்னல் ஓரமாக இடம் கிடைத்ததில் ஒரே சந்தோஷம். எங்கள் பக்கம் பேருந்துக்காரர்கள் பாட்டுப் போட்டுக் காதைக் கிழிப்பார்கள். இங்கே அமைதியாக இருந்தது. பள்ளிகொண்டாவில் என் வயதுப் பெண் ஒருவர் பெரிய லுங்கிக் கட்டோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். குடியாத்தத்தில் வீட்டிலேயே விசைத்தறி வைத்திருக்கிறார்களாம். ஆம்பூர்க் கடைக்குச் சரக்கு கொண்டுபோகிறார்.

"நீங்க எங்கம்மா?" என்று கேட்டார்.

"பேரணாம்பட்டு. மக இருக்கா. பூச்சி கடிச்சிருச்சாம். பாக்கப் போறேன்."

அவர் கை தானாக வாய்க்குப் போனது. "பூச்சியா! எப்போ?"

"காலையில."

"காலையில பூச்சி கட்ச்சிருக்குது, நீங்க இன்னாம்மா மடில ஸ்வீட்டு பொட்டலத்த வெச்சிக்கினு உக்காந்துனு இருக்கீங்க?"

"சும்மா ஒரு பூச்சிதானே..."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வெளியூர்க்காரி என்பது புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "எங்க பக்கம் பூச்சின்னா அதுதாம்மா. வாயால பேர் சொல்ல மாட்டோம். கடிபட்டவங்க எதிர்ல சுத்தமா சொல்லக் கூடாது, பயத்துலயே ஏறிடும்." சொல்லிவிட்டு, மடியில் இருந்த லுங்கிக் கட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, வளைத்து வளைத்து ஒரு கோடு இழுத்தார்.

அந்த விரல் ஊர்ந்த விதத்திலேயே எனக்குப் பேர் புரிந்துவிட்டது. பாக்கலம்மா என்று அமுதா சொன்னதும், மெதுவாவா என்று கேட்டதும் அப்போதுதான் காதில் சரியாக விழுந்தன.

ரெஜினாவின் எண் அணைந்திருந்தது. அமுதா எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கியது கண்ணுக்குள் நின்றது. அந்த பூட்ஸ் கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை உயரம். அதை நான்தான் நனைத்தேன். பேருந்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. எழுந்து ஓட்டுநரிடம் போய் வேகமாக ஓட்டச் சொல்லலாமா என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. லுங்கிக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன உடாதீங்க. அடிச்சினே இருங்க."

ஏழாவது தடவை அமுதா எடுத்தாள். நான் ஏதோ கத்தினேன். போன் கை மாறியது.

"எம்மா," என்றாள் ரெஜினா. தெளிவான குரல். "எதுக்குக் கத்துத? பூரான்மா. கூட்டுக்குக் கீழ கல்லப் புரட்டுனேன், கணுக்கால்ல சுரீர்னுச்சு. பாத்தா இத்தா பெரிய பூரான் ஓடுது. நானே பாத்தேன்."

"நெசமாவா?"

"நெசம்மா. இவுங்கதான் பூச்சி பூச்சின்னு சொல்லிப் படுக்கப் போட்டுட்டாங்க. பூரான் பூச்சியே கிடையாது."

இந்த நிலையிலும் திருத்துகிறாள் என்றால் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். குடியாத்தம் ஆஸ்பத்திரி என்றாள். நடத்துநரிடம், குடியாத்தம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"குடியாத்தமா? இது ஆம்பூர் வழிம்மா. போர்டு பாக்கலியா?"

"பேரணாம்பட்டுன்னு போட்டிருந்தது."

"பேர்ணாம்பட்டுக்கு ரெண்டு வழி கீது. குடியாத்தம் போறது வேற வண்டி."

"மாதனூர்ல இறக்கி உடுப்பா," என்றார் லுங்கிக்காரம்மா. "அங்கேர்ந்து பாலாத்த தாண்டுனா நம்ம ஊரு."

மாதனூரில் இறங்கினேன். பேடாப் பொட்டலம் பேருந்திலேயே போய்விட்டது. ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் இன்னும் மூன்று பேர் வரட்டும் என்றார். பூரான்தானே, வரட்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு டீகூட வாங்கிக் குடித்தேன். இஞ்சி அதிகம். எங்கள் ஊர் டீயைவிடத் திக்காக இருந்தது. பாதியில் கைப்பேசி அடித்தது.

"அம்மா, வெளிய வந்து பேசறேன். ரெஜி எதிர்ல சொல்ல முடியல." என்றாள் அமுதா. "வந்தவொடனே ரத்தம் எடுத்து கண்ணாடிக் குழாய்ல வெச்சாங்க. இருவது நிமிஷத்துல ஒறஞ்சி கட்டியாயிருக்கணுமாம். தண்ணியாட்டம் கீதும்மா. திரும்ப எடுத்துப் பாத்தாங்க. அதுவும் அப்டிதான். மருந்து ஏத்தறாங்க."

"பூரான்னு சொன்னாளே?"

"பூரான் ஓடுச்சு, நானும் பாத்தேன். ஆனா அதுக்கு முன்னால சத்தம் கேட்டுதும்மா. மணல் போட்டு அரிசி வறுக்குற மாதிரி. நான் பொறந்து வளந்த ஊரு இது, எனக்குத் தெரியாதா? ரெஜி எதிர்ல பேர் சொல்லக் கூடாதுன்னு பூச்சின்னு மட்டும் சொல்லி, வண்டில வெச்சி இட்டாந்துட்டேன்."

டீக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஆட்டோ ஓட்டுநரிடம் போய் நின்றேன். "என் மகளப் பூச்சி கடிச்சிருச்சு," என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப இன்னாம்மா டீ குட்ச்சினு நிக்கிறே, ஏறு!" மூன்று பேருக்காகக் காத்திருந்தவர் ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு பறந்தார். பாலாறு வந்ததும் போனதும் தெரியவில்லை. மணல், நடுவில் கொஞ்சம் நாணல், ஒரு மாடு. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரெஜினாவின் வலது பாதம் கணுக்கால்வரை வீங்கிப் பளபளத்தது. கையில் ஊசி ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "எம்மா, வந்துட்டியா. பூட்ஸ் பூட்ஸ்னு அழக் கூடாது. செருப்பப் போட்டது நாந்தான்." நான் அழத்தான் செய்தேன்.

அங்கே நடந்ததை அமுதா என்னிடம் சொன்னாள். வாசலிலேயே அவள் 'பூச்சி கடி' என்று சொல்லிவிட்டதால் நேராகக் கட்டிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு நர்சம்மா ரெஜினாவிடம், "பூச்சிதானம்மா கட்ச்சுது?" என்று கேட்டிருக்கிறார். இவள், "பூச்சின்னு சொல்ல முடியாது சிஸ்டர், அதுக்கு நாப்பது கால்," என்றிருக்கிறாள். நர்சம்மா டாக்டரைப் பார்த்து, "சார், பேஷண்டு ஒளர்றாங்க," என்றாராம். ரத்தம் எடுக்க வேண்டாம், வலிக்கு ஓர் ஊசி போட்டு அனுப்புங்கள் என்று என் மகள் வாதாடியிருக்கிறாள். பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவள் பேரணாம்பட்டில் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள்.

டாக்டர் இளைஞர். சுருட்டை விரியனாகத்தான் இருக்கும் என்றார். ரத்தம் உறையும் தன்மையையே அது குலைத்துவிடுமாம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்போம், அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

மருந்து ஏறும்போது ரெஜினாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. கட்டிலே ஆடியது. அமுதா தன் துப்பட்டாவையும் போர்த்திவிட்டாள். நடுக்கம் நின்றதும் என் மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எம்மா, இப்பதான் புரியுது. சுருட்டை பூரானையும் தேளையும்தான் நெறயத் தின்னும். நான் பாத்த பூரான் என்னக் கடிச்சிட்டு ஓடல. சுருட்டைகிட்டேருந்து தப்பிச்சு ஓடிருக்கு. அதோட சாப்பாட்டுக்கு நடுவுல நான் காலக் கொண்டு வச்சிருக்கேன்."

"ஏட்டி, இப்ப அதப் பேசாத."

"என் கண்ணால பாத்தத நான் நம்புனேன்மா. அமுதாக்கா காதால கேட்டா." அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டையில் சிவப்பு. ஈறில் கசிகிறது.

சாயங்காலம் மறுபடி குழாயில் ரத்தம் எடுத்தார்கள். என் வேலையே கண்ணாடிக் குழாய்களோடுதான். குழாய் காய்ந்திருக்கிறதா, சோப்பு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு அந்த நர்சம்மாவைக் கோபப்படுத்தினேன். "உங்க பொண்ணுக்கு மேல இருக்கீங்களே," என்றார். சன்னல் மேடையில் குழாயை நிறுத்திவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிப் போனார். இருபது நிமிடம் நான் அதன் எதிரில் நின்றேன். ஆயிரம் குழாய்களைப் பார்த்திருக்கிறேன். எதனிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. அவர் வந்து சாய்த்தார். ரத்தம் வழவழவென்று கண்ணாடி ஓரமாக ஓடி வந்தது.

"இன்னொரு டோஸ் போடணும்," என்றார் டாக்டர். "சிலருக்கு ரெண்டாவது தேவைப்படும். காலையில பாப்போம்."

அமுதா வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடச் சொல்லிப் போன் செய்தாள். அவள் வாங்கி வந்த சப்பாத்தியை இருவரும் பிய்த்துக்கொண்டிருந்தோமே தவிர, சாப்பிடவில்லை. நான் பையைத் துழாவியபோது விண்ணப்பம் கையில் பட்டது. வந்த நாளிலிருந்து அதை அவளிடம் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று இப்போது தோன்றவும் இல்லை. இவள் எழுந்து நடந்தால் போதும், எந்தக் காட்டுக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மறு நிமிடமே, இல்லை, காட்டுக்கு வேண்டாம் என்று மாற்றி வேண்டினேன். இரவு முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு ரத்தம் எடுத்துச் சன்னல் மேடையில் வைத்தார்கள். ஏழு பத்துக்குப் பார்க்க வேண்டும். அது நர்சுகள் மாறுகிற நேரம். எடுத்தவர் போய்விட்டார், அடுத்தவர் வரவில்லை. ஏழு பத்து ஆனது. ஏழு பதினைந்து. ரெஜினா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்பது இமை துடிப்பதில் தெரிந்தது. எழுந்துபோய் நானே சாய்த்துப் பார்த்துவிடலாம். இரண்டு எட்டுத் தூரம்தான். அமுதா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. அவங்க வரட்டும்."

ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. முதல் நாள் கால்களின் கணக்கைக் கேட்டு என் மகள் உளறுகிறாள் என்ற அதே நர்சம்மா. பஸ் பேஜார், லேட்டாகிவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே, தோளில் பையைக்கூடக் கழற்றாமல் நேராகச் சன்னலுக்குப் போனார். குழாயை எடுத்தார். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தார். பிறகு முழுதாகக் கவிழ்த்தார். அப்படியே பிடித்துக்கொண்டு கட்டிலருகே நடந்து வந்தார்.

"பாருங்கம்மா," என்றார். "கவுத்துப் புடிச்சிருக்கேன். விழல."